மிதிப்பவர் யார்?

1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். ஊர்விட்டு ஊர் சென்று கற்கவும் கற்பிக்கவும் அவ்வெளிய கருவி துணைநின்றது. எனினும், வண்டியை நகர்த்தியவை அவர்களுடைய கால்களே.

அம்மாவட்டத்தின் அரிமளம் போன்ற ஊர்களில் இன்று மாணவருக்குத் துணைநிற்கும் கருவி திறன்பேசி. பாடநூலில் உள்ள விரைவுக் குறியீடு காணொலிப் பாடத்திற்கு வழிகாட்டுகிறது. 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் பாடங்களை ஒளிபரப்பியது. இப்பயன்களை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் ஒரு வினா எழுகிறது: இக்கற்றலில் மிதிப்பவர் யார்?

தோழியின் குறிப்பேட்டைப் படம் எடுத்தவுடன் பாடம் திறன்பேசியில் சேர்ந்துவிடுகிறது, நெஞ்சில் சேர்வதில்லை. காணொலியை மும்முறை கண்டவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதுபோலத் தோன்றும். அத்தோற்றம் ஏமாற்றக்கூடியது. அமெரிக்க உளவியல் அறிஞர்களான ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்துகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோர், ஐந்து நிமிடம் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்தபோதோ, படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். நினைவிலிருந்து மீட்டெடுக்கும் முயற்சியே நினைவை உறுதிப்படுத்துகிறது.

எண்சுவடியைப் பாராமல் ஒப்பித்த திண்ணைப்பள்ளி வழக்கத்திலும் இவ்வுண்மை பொதிந்திருந்தது. பொருளுணராது ஒப்பித்தல் குறையே. பொருளுணர்ந்து நினைவில் இருத்தலோ அறிவின் அடித்தளம்.

‘நொடியில் கிடைக்கும் தகவலை மனத்தில் ஏன் சுமக்க வேண்டும்?’ என வினவுவோர் உண்டு. தனிமங்களின் குறியீடுகளை அறியாதவர், வேதிச் சமன்பாட்டைத் தேடிக் கண்டாலும் அது அவருக்கு விளங்காது. முன்பே மனத்தில் உள்ளதே புதியதைப் புரிய வைக்கிறது. மேலும், படிக்கும்போது ஒலிக்கும் ஒவ்வோர் அறிவிப்பும் கவனத்தைக் கலைக்கிறது. கலைந்த கவனம் மீளச் சற்று நேரம் பிடிக்கிறது. கவனம் இல்லாத இடத்தில் நினைவு வேர்கொள்வதில்லை.

இதற்குத் தீர்வு கருவியைத் துறப்பதன்று. அதன் இடத்தை வரையறுப்பதே. காணொலியைக் கண்டபின் திறன்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, அறிந்ததை வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். விடுபட்டவற்றை மட்டும் மீண்டும் தேடிக் கற்றல் வேண்டும். இது கடினமாகத் தோன்றலாம். அக்கடினமே கற்றல் நிகழ்வதன் அடையாளம். பின்னிருக்கையில் அமர்ந்தே சென்றவர் எவரும் வண்டி ஓட்டக் கற்றதில்லை.