நாயகனுக்கும் வயதுண்டு

பெரிய நடிகர் ஒருவர் தன் பழைய வேடத்துக்குத் திரும்பப் போகிறார் என்ற செய்தி வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: ஆள் இன்னும் அப்படியே இருக்கிறாரா? ரொறன்ரோவிலும் பரிஸிலும் கேட்கப்படுவதுதான் ஊர்காவற்றுறைத் தேநீர்க் கடையிலும் கேட்கப்படுகிறது. நாயகனுக்கு வயதில்லை, வயது போனாலும் திரையில் அது தெரியக் கூடாது, தெரிந்தால் படம் எடுபடாது என்பது நம்மிடையே யாரும் மறுத்துப் பேசாத நம்பிக்கையாக ஊறிவிட்டது. பார்வைக்கு அது பாசம். விளைவில் அது நடிகரின் கையிலிருக்கும் பெரிய முதலைப் பறித்துவிடுகிறது. முப்பது வருடம் கழித்து ஒரு வேடத்துக்குத் திரும்புகிறவரிடம் புதிதாக இருப்பது அந்த முப்பது வருடம் மட்டுமே. சண்டையும் வசனமும் மிடுக்கும் பழைய படத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. அவைதான் வேண்டுமென்றால் பழைய படத்தையே திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

இதை உரசிப் பார்க்கக் கமல்ஹாசனைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஏறக்குறைய இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பழைய வேடங்களுக்குத் திரும்பியவர் அவர். 1986இல் ‘விக்ரம்’ படத்தில் உளவு அதிகாரியாக வந்தபோது அவருக்கு வயது 31. 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் எடுத்த படத்தில் 67. அந்தப் படம் வயதை மறைக்கவில்லை, அதைக் கதைக்கு அச்சாணியாக்கியது. மகனைப் பறிகொடுத்த தகப்பன், பேரக்குழந்தையின் உயிரைக் காக்கத் தவிக்கும் கிழவர் என்றுதான் பழைய அதிகாரி நம் முன் வருகிறார். அவர் துப்பாக்கி தூக்கும்போது நாம் பதறுவதற்குக் காரணம் அவருக்குப் பின்னால் இழப்பும் முன்னால் ஒரு குழந்தையும் இருப்பதுதான். முப்பத்தொரு வயது நாயகனால் அந்தப் பதற்றத்தைத் தந்திருக்க முடியாது.

2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ எதிர்த்திசையில் போனது. 1996இல் ‘இந்தியன்’ படத்தில் கமல் வேடமேற்று நாம் கண்ட சேனாபதி, நேதாஜியின் படையில் இருந்து வந்த கிழவர். அப்போது கமலுக்கு வயது 41. நடை, குரல், கழுத்தின் சாய்வு என்று ஒவ்வொன்றிலும் முதுமையைக் கவனித்துக் கட்டியெழுப்பிய நடிப்பு அது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. சேனாபதியின் சண்டை வர்மம். விரல்களை மடக்கி, இடம் பார்த்துத் தொட்டால் எதிரில் நிற்பவன் சரிகிறான். பலம் குன்றிய உடம்பில் பயிற்சி மட்டும் குன்றாமல் இருக்கிறது என்பதை அந்த விரல்களே சொல்லிவிட்டன. இரண்டாம் படத்தில் கதையின் கணக்குப்படியே அவர் நூறைத் தாண்டியவர். ஆனால் ஒற்றைச் சக்கர வண்டியில் பறந்து தப்புகிறார், வாலிபர்களை அடித்து வீழ்த்துகிறார். இருபத்தெட்டு வருடம் அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, எதையும் கற்றுக்கொடுக்கவுமில்லை. 69 வயதில் நடிகரின் முகம் தானாகவே சேனாபதியின் முகத்தை நெருங்கியிருந்தது. அந்த முகத்தைக் கனத்த ஒப்பனைக்குள் புதைத்துவிட்டார்கள்.

சினிமாவே கற்பனைதானே, அதில் வயதுக் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். ‘இந்தியன் 2’ இயக்குநர் ஷங்கரும் நூறு வயது கடந்தும் தற்காப்புக் கலை பயின்ற சீன ஆசான் ஒருவரை உதாரணம் காட்டினார். நூறு வயதில் ஒருவர் சண்டையிட முடியுமா என்பது இங்கே என் வழக்கில்லை. முடியட்டும். நூறு வயது மனிதருக்கு அந்தச் சண்டை என்ன விலை வைக்கிறது என்பதைப் படம் காட்டியிருக்க வேண்டும். விலையில்லாத வெற்றி யாரையும் தொடாது. ‘இந்தியன் 2’ தோற்றதற்கு நீளமும் பலவீனமான திரைக்கதையும்தானே காரணம் என்று இன்னொரு மறுப்பு வரும். நீளத்தை ஒப்புக்கொள்கிறேன், வெளியான சில நாள்களிலேயே படத்தை வெட்டிக் குறைத்தார்கள். ஆனால் அந்தத் திரைக்கதையின் பலவீனத்துக்கு வேர் எது? மாறாத மனிதரிடம் கதை பிறக்காது. முன்னர் சொன்னதையே திரும்பச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

ரசிகர்கள் பழைய ஆளைத்தானே கேட்கிறார்கள் என்பது கடைசி வாதம். உலகத் திரையில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. 1976இல் ரொக்கி என்ற குத்துச்சண்டை வீரராகப் புகழ்பெற்ற சில்வஸ்ரர் ஸ்ரலோன், 2015இல் ‘கிறீட்’ படத்தில் அதே வேடத்தில் வந்தபோது அவருக்கும் வயது 69. அந்தப் படத்தில் ரொக்கி போட்டிக்கு இறங்கவில்லை. இறந்துபோன நண்பனின் மகனுக்குப் பயிற்சி கொடுக்கிறார், புற்றுநோயோடு போராடுகிறார். படத்தை மக்கள் கொண்டாடினார்கள், ஸ்ரலோன் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நம்மிடமும் சான்று உண்டு. ‘முதல் மரியாதை’ 1985இல் வந்தபோது சிவாஜி கணேசனுக்கு 56 வயது. நரையோடும் தளர்ச்சியோடும் வந்த அந்த ஊர்ப் பெரியவரை யாரும் ஒதுக்கவில்லை. வயதைக் கண்டு சனம் விலகிவிடும் என்பது தயாரிப்பாளர்களின் பயம். அதை நாம் நம்முடைய ரசனை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தின் தீவுப்பகுதி மக்களான நாம் நாயகனுக்கு வயதில்லை என்று நம்புவதற்கு இன்னும் குறைவான காரணமே உண்டு. ஒரு பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து ஆடும் நாட்டுக்கூத்து மரபு நம்முடையது. விடிய விடிய நடக்கும் கூத்தில் முதலாம் ராசா ஒருவர், இரண்டாம் ராசா இன்னொருவர். குரலும் உடலும் களைக்கும் என்பதைக் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் முன்கூட்டியே கணக்கில் எடுக்கிறார். அதனால் ராசாவின் மதிப்பு குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. ஒரு மனிதன் ஓய்வதையும் இன்னொருவன் தொடர்வதையும் வெட்கமில்லாமல் மேடையிலேயே காட்டிய மரபு, திரையில் மட்டும் ஏன் சாயம் பூசிய இளமையைக் கேட்கிறது? நெடுந்தீவிலிருந்து தியேட்டருக்குப் போவதென்றால் குறிகட்டுவானுக்குக் கடலைக் கடந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, முதியவர்கள் காத்துக்கிடக்கும் வீடுகள் இந்தத் தீவுகளில் நிறைய உண்டு. அந்த முதியவர்களில் அவ்வளவு தூரம் படம் பார்க்கப் போகிறவர்களுக்குத் தங்கள் வயதின் கதை ஒன்று திரையில் கிடைக்கக் கூடாதா?

இந்த நம்பிக்கையால் வரும் கேடு ஒரு படத்தோடு முடிவதில்லை. நாயகனுக்கு வயதில்லை என்றால் முதுமைக்குக் கதை எழுத வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. கூடவே இந்தச் சலுகை நாயகிக்குக் கிடைப்பதில்லை. அவர் நாற்பதிலேயே அம்மா வேடத்துக்கு அனுப்பப்படுகிறார். ஒருவரை முதுமையே தீண்டாது என்று தூக்கிவைக்கும் சினிமா, மற்றவர்களின் முதுமையை ஒரு குற்றமாக்கிவிடுகிறது. ஆகவே அடுத்த முறை ஒரு பழைய வேடம் திரும்பி வரும்போது, ஆள் அப்படியே இருக்கிறாரா என்று கேட்பதை விடுவோம். இத்தனை வருடம் இந்த மனிதரை என்ன செய்திருக்கிறது என்று கேட்போம். அதற்குப் பதில் வைத்திருக்கும் படத்துக்கு மட்டும் காசு கொடுப்போம்.