கிளவுட்டில இருக்கு என்டா போதுமா?

"எல்லாம் கிளவுட்டில இருக்கு, பயப்படாதீங்க." அரச அலுவலகங்கள் கணினிக்கு மாறத் தொடங்கியதிலிருந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற ஆறுதல் இது. இதை நம்ப நாங்கள் தயாரில்லை.

2023 ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயே போச்சு. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த பெக்கப்பும் சேர்த்தே பூட்டப்பட்டது. வெளியே பிரித்து வைத்த பிரதி அந்த மாதங்களுக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்ததோ மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை அந்த நிறுவனமே 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது.

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏன்?" என்று கேட்பவர்களுக்காகவே இந்த விளக்கம்.

ஒரு பெரிய சேர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றின் டிஸ்க்குகள் உண்மையில் ஒரே பொதுச் சேமிப்பகத்தில் கிடக்கும் பெரிய ஃபைல்கள்தான். எல்லாம் ஒரே நேரத்தில் வாசித்தால் வேகம் விழும். அதனால் முன்னால் ஒரு வேகமான எஸ்எஸ்டியைப் போட்டு, அடிக்கடி தேவைப்படுவதை அதில் வைக்கிறார்கள். இதுதான் கேஷ். கடைக்காரர் சீனியையும் பருப்பையும் மேசையடியில் வைத்துக்கொள்வது போல. ஆனால் களஞ்சியம் பின்னறையில்தான்.

சில கேஷ்கள் டிஸ்க்கில் எழுத முன்னமே "எழுதியாச்சு" என்று பதில் சொல்லிவிடும். கேஷுக்குத் தனிப் பாதுகாப்பு இல்லாமல் அந்த இடைவெளியில் கரண்ட் போனால், எழுதியதாகச் சொன்ன பதிவு எங்கேயும் இருக்காது. ஸ்னப்ஷொட் எடுக்கிறோம் என்பார்கள். அதே சேமிப்பகத்தில் இருக்கிற ஸ்னப்ஷொட் அந்தச் சேமிப்பகத்தோடேயே போகும். இன்னொரு இடத்துக்கு உடனுக்குடன் பிரதி போகுது என்பார்கள். திருடன் பூட்டிய ஃபைலும் உடனுக்குடன் போகும். இவை எல்லாம் தேவைதான். ஆனா ஒன்டுமே பெக்கப் இல்லை.

காசில்லை என்பது அடுத்த பதில். தென்கொரியாவிடம் காசில்லையா? 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோனிலுள்ள அரச தரவு நிலையத்தில் தீப்பிடித்தது. அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அளவு பெரிது, அதனால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள். வேகத்துக்குச் செலவழிக்க எல்லாருக்கும் மனசு வருது. காப்பதற்குத்தான் வருவதில்லை.

ஒரே வழியை நம்பினால் என்ன நடக்கும் என்று எங்கட சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால் சவளக்கடையிலிருந்து கல்முனைக்கு நேர்வழி இல்லை. 2004 சுனாமியில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, தான் யார் என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த கரை இது.

இப்போது இந்திய உதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது. எங்கட கைரேகையும் முகமும் அங்கே போகப்போகுது. கொடுக்க முன்னம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வலையமைப்பில் இணைக்காத பிரதி ஒன்று இருக்கிறதா? அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்த கடைசித் திகதி என்ன? நாளை எல்லாம் விழுந்தால், எத்தனை மணித்தியாலப் பதிவுகளை இழப்போம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதைக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. கொம்பியூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை, பிரஜையாக இருந்தால் போதும். நாங்கள் விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டோம். நீங்களும் எழுதுங்க. மீட்டுப் பார்க்காத பெக்கப்பை நாங்கள் பெக்கப் என்று ஏற்கப்போவதில்லை.