பம்பரைக் கழட்டிட்டேன்

போன வாரம் என் லோடு வண்டியில இருந்த இரும்பு பம்பரையும், அதுல மாட்டியிருந்த ரெண்டு எல்.இ.டி. லைட்டையும் கழட்டிட்டேன். "ஏன் வண்டி மொட்டையா நிக்குது?"ன்னு ஊர்ல நாலு பேர் கேட்டாச்சு. அவங்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். பட்டணத்துல கார் வச்சிருக்கிறவங்களுக்கும் இதுல சேதி இருக்கு.

முதல்ல ஏன் போட்டேன்னு சொல்லிடணும். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏத்திக்கிட்டு கோயம்பேட்டுக்கு நான் கிளம்புறது ராத்திரி ஒரு மணிக்கு. வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுல அந்த நேரத்துல மாடு படுத்திருக்கும், நாய் குறுக்கே ஓடும், கம்பெனி பஸ் பறக்கும். ஒரு தடவை முட்டினாலே ஹெட்லைட்டு, கிரில், ரேடியேட்டர்னு ஒரு மாச காய்கறிக் காசு போயிடும். கடைக்காரர், "அண்ணே, கம்பி பம்பர் ஒண்ணு போடுங்க, எதுவும் ஆவாது"ன்னார். போட்டேன். ரோட்டுல பார்த்தா கெத்தாவும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

மனசு மாறினது ஒரு ராத்திரி, சேரப்பனஞ்சேரி தாண்டி. எதிர்ல ஒரு பையன் சைக்கிள்ல வந்தான். ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்குப் போற ஒப்பந்தக் கூலிப் பையன். சைக்கிள்ல லைட்டும் இல்ல, பின்னாடி சிவப்பு வில்லையும் இல்ல. என் ரெண்டு லைட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. எனக்கு அவன் நல்லாவே தெரிஞ்சான். அவனுக்குத்தான் எதுவும் தெரியல. அப்படியே ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்துல விழுந்தான். வண்டியை நிறுத்திட்டு ஓடினேன். முட்டி சிராய்ப்போட எழுந்து நின்னு, "அண்ணா, கண்ணு தெரியல"ன்னான். ஒடிசாக்காரன், வயசு இருபது இருக்கும். திட்டக் கூட இல்ல. அன்னிக்கு அவன் இந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தா, கெத்தா இருந்த அந்தக் கம்பிதான் அவன் மேல பட்டிருக்கும்.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பிச்சேன். கம்பெனி போடுற பம்பர் மோதினா நசுங்கணும்னே செஞ்சது. அது நசுங்க நசுங்க அடியோட வேகம் குறையும். நாம போடுற இரும்பு பம்பர் நேரா சேசிஸ்ல போல்ட்டு போட்டு இறுக்கினது. அது நசுங்காது. அடி அப்படியே சேசிஸுக்கும், அங்கிருந்து உள்ளே உக்காந்திருக்கிறவனுக்கும் போகும். பக்கத்து நிலத்துக்காரர் வண்டி மெதுவா போய் ஒரு புளியமரத்துல முட்டுச்சு. பம்பர்ல கீறல்தான், ஆனா சேசிஸ் முனை ரெண்டும் வளைஞ்சிடுச்சு. பம்பர் விலையைப் போல பல மடங்கு செலவு. குட்டி யானை மாதிரி வண்டியில டிரைவர் காலுக்கும் முன் தகட்டுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இருக்காது. காருல இன்னொண்ணும் உண்டு. எந்த அடிக்கு, எந்த நொடியில ஏர்பேக் விரியணும்னு கணக்குப் போட்டுத்தான் சென்சார் வைக்கிறாங்க. முன்னாடி இரும்பை மாட்டினா அந்தக் கணக்கு தப்பிப் போகலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, வண்டியை வேணும்னே மோதவிட்டு, உள்ளே பொம்மையை உக்கார வச்சு, எங்க அடிபடுதுன்னு பார்க்கிற கூடம் எங்க ஒரகடம் சிப்காட்லயே இருக்கு. குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்னு பேரு. அவ்வளவு பாடுபட்டு அளந்து செய்யறதை, நாம வெல்டிங் பட்டறையில அரை நாள்ல கெடுத்துடறோம்.

சட்டமும் தெளிவாத்தான் இருக்கு. இந்த மாதிரி கிராஷ் கார்டு, புல் பார் மாட்டினா நடவடிக்கை எடுங்கன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே எல்லா மாநிலத்துக்கும் எழுதிடுச்சு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுதான் அதுக்கு ஆதாரம். 2019 திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம்னு இருக்கு. நாங்க என்ன பண்ணோம்? எஃப்.சி.க்குப் போறப்ப கழட்டி வச்சோம், வந்ததும் திரும்ப மாட்டினோம். நானும் செஞ்சேன். இந்தக் கம்பி ஆஸ்திரேலியாவுல கங்காரு மோதுறதுக்காக வந்த சாமான். ஐரோப்பாவுல 2005-லயே, நடந்து போறவன் மேல பட்டா எவ்வளவு அடின்னு சோதிச்சுத் தேறினாத்தான் விக்கலாம்னு சட்டம் போட்டுட்டாங்க.

லைட்டு விஷயமும் இதே கதைதான். எதிர்ல வர்றவன் கண்ணைக் கூசாதபடி வெளிச்சம் கீழே இறங்கி விழணும்னு மத்திய மோட்டார் வாகன விதியில இருக்கு. 8 மீட்டர் தூரத்துல, தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசக் கூடாதுன்னு அளவே கொடுத்திருக்காங்க. ஹாலோஜன் பல்புக்குன்னு செஞ்ச ஹெட்லைட்டுக்குள்ள எல்.இ.டி. பல்பைச் சொருகினா வெளிச்சம் சிதறி மேலேயும் அடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்துல வர்றவனுக்கு மூணு நொடி கண்ணு கூசினா, 50 மீட்டர் அவன் குருடனா ஓட்டுறான்.

சேத்துல போற எனக்கே இது தேவையில்லன்னா, தார் ரோட்டை விட்டு இறங்காத காருக்கு எதுக்கு? ஞாயித்துக்கிழமை வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வர்ற பெரிய கார்கள்ல எத்தனையோ, முன்னாடி இரும்பும் மேல லைட்டு வரிசையுமா வருது. அந்த ரோட்டு ஓரத்துல நடக்கிறது எங்க பிள்ளைங்க. உங்களுக்குப் பாதுகாப்புன்னு மாட்டுற இரும்போட அடி எங்க பக்கம் வருது.

ரோட்டுல விளக்கு எரியணும், மாட்டைக் கட்டி வைக்கணும். அது அரசாங்கமும் எங்க ஊர்க்காரங்களும் செய்ய வேண்டியது. அதுவரைக்கும் நான் செஞ்சது இவ்வளவுதான்: மஞ்சளாகிப் போயிருந்த ஹெட்லைட்டு கண்ணாடியைத் தேய்ச்சு பளிச்சுன்னு ஆக்கினேன். லோடு ஏத்தினா பின்பக்கம் தாழ்ந்து வெளிச்சம் மேலே தூக்கும், அதனால லோடோட நிறுத்தி லைட்டை இறக்கி வச்சேன். பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினேன். மிச்சம் இருந்த டேப்பை ரெண்டு கையளவு வெட்டி, நாலு சைக்கிளுக்கு நானே ஒட்டி விட்டேன்.

வேகமும் பத்து கிலோமீட்டர் குறைஞ்சிருக்கு. கோயம்பேட்டுக்குக் கால் மணி நேரம் முன்னாடி கிளம்புறேன், அவ்வளவுதான். பழைய இரும்புக் கடையில பம்பரை எடைக்குப் போட்டாச்சு. உங்க வண்டியிலயும் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்பேனர் எடுங்க.