தடுப்புக்கு முன் கணக்கு

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது வெறும் வெள்ளமல்ல. சேறும் பாறையும் மரமும் கலந்து பாய்ந்த பெருக்கு. அதன் எதிரே ஒரு சுவரைக் கட்டிவிட்டால் போதும் என்பது ஆபத்தான எண்ணம். முதல் அலை தடுப்பின் பின்னால் படிந்து மேடாகிவிடும்; அடுத்த அலை அந்த மேட்டின் மீதேறித் தாண்டிவிடும். இரும்பு வளைய வலை என்றால் நீர் வடிந்துபோகும், பாறை சிக்கும், வலையும் தொய்ந்துகொடுத்து மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். இவற்றை இன்று கணினியில் முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்க முடிகிறது. ஆனால் கணக்கு மட்டும் போதாது. சுவிட்சர்லாந்தின் இல்கிராபன் ஓடையில் பாய்ந்த உண்மையான பெருக்குகளிலும், அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள 95 மீட்டர் நீளச் சோதனைச் சரிவிலும் எடுத்த அளவுகளோடு ஒத்துப்பார்ப்பதால்தான் அதை நம்ப முடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இத்தகைய அளவீடு பரவலாக நடக்க வேண்டும். தடுப்பு எங்கே, எவ்வளவு உயரம் என்பதை அந்த அளவீடும் கணக்கும் தீர்மானிக்கட்டும். எந்தத் தடுப்பும் தாங்காது என்று கணக்கு சொல்லும் இடத்தில் வீடு கட்ட அனுமதிக்கவே கூடாது.