உறுமியும் ஒரு பெண்ணின் உரிமையும்

"உறுமி மேளமா? அது தோட்டத்துச் சத்தம்!" என்று முகம் சுளிப்போர் நம்மிடையே இன்றும் உள்ளனர். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தனர். ஆயினும் அந்த மேளம் நம்மை விட்டுப் போகவில்லை. ஈப்போ தைப்பூசத்தில் காவடிகளோடு குனோங் சீரோ வரை அதுவும் வருகிறது.

அந்த உறுமியைத்தான் 2007-ஆம் ஆண்டு வெளிவந்த தம் 'கலா' இசைத்தொகுப்பில் முழங்கவிட்டார் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். 1975-இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் தாயோடு மீண்டும் இலண்டனுக்கே அகதியாகச் சென்றவர் இவர். கல்லூரியில் பயின்றது திரைப்படக்கலை, இசையன்று. ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னணுத் தாளக் கருவியைக் கொண்டு தாமே பாடல்களை உருவாக்கத் தொடங்கினார். 2005-இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரான 'அருளர்'. இரண்டாவதற்குத் தாயின் பெயர்.

2006-இல் அமெரிக்க விசா சிக்கலால் அங்குச் சென்று பதிவு செய்யும் திட்டம் தடைபட்டது. அவர் முடங்கிவிடவில்லை. சென்னை, டிரினிடாட் எனப் பல ஊர்களுக்குச் சென்று, அந்தந்த மண்ணின் ஒலிகளைத் தொகுத்தார். இங்கு நாம் ஒதுக்கும் உறுமி, அங்கு உலக இசையின் நடுவில் அமர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் சில விமர்சகர்கள் அவர் இசைக்கான பெருமையை உடன் பணியாற்றிய ஆண் தயாரிப்பாளருக்கே சூட்டினர். 2007-இல் ஒரு நேர்காணலில் அதை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். ஆண்கள் துணைநின்றது உண்மை. கூட்டு முயற்சியின்றி இசையில்லை. ஆனால் எந்த ஒலி வேண்டும், அதை எந்த ஊரில் தேட வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர். அவருடைய அரசியல் கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. இந்தத் துணிவை ஏற்கலாம்.

"தமிழச்சி உலகை வென்றாள்" என்று கைதட்டுவது எளிது. நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? "பாடு" என்கிறோம், "இசையமை" என்று சொல்கிறோமா? ஒலிவாங்கியை நீட்டுகிறோம், ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமரவிடுகிறோமா?

நண்பர்களே, அடுத்த கலை இரவில் உறுமிக்கும் இடம் தருவோம். நிகழ்ச்சி நிரலில் 'பாடியவர்' என்ற வரியில் மட்டுமன்று, 'இசை' என்ற வரியிலும் ஒரு மாணவியின் பெயர் அச்சாகட்டும்.