குழந்தைக்கும் மனச்சோர்வா?

குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையிலே ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பல அறிஞர்களின் கருத்து. ஏழு பிரிவுகளாக, ஸ்வரங்களை நந்நான்காகச் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். அதில் எந்த ஸ்வரமும் தனியே நிற்கவில்லை. முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்ந்தே பொருள் தருகிறது. குழந்தையின் மனத்தைப் பற்றியும் வைத்திய ஆராய்ச்சியாளர்கள் இப்போது ஏறக்குறைய இதையே சொல்லுகிறார்கள்.

"குழந்தைக்குக்கூடவா மனச்சோர்வு? அதற்கென்ன, கடன்காரன் தொல்லையா, கல்யாணக் கவலையா?" என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்பார். கேள்வி நியாயமானதுதான், விடைதான் அவருக்கு உவப்பாக இராது. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. மனச்சோர்வு அவற்றுள் ஒன்று. அதைவிடச் சிறிய வயதிலும் அது வருவதுண்டு.

தொல்லை என்னவென்றால், குழந்தைகளிடம் அது எப்போதும் சோகமாகவே வருவதில்லை. கோபமாக வரும், தொட்டதற்கெல்லாம் சிணுங்கலாக வரும், பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் வயிற்று வலியாக வரும். விளையாட்டில் ஆசை போகும். தூக்கமும் பசியும் மாறும். இவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள்தோறும் நீடித்தால், சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் சூட்டிவிட்டுச் சும்மா இருப்பது தகாது.

பெயர் சூட்டினால் என்ன ஆகிறது? பத்து வயதுப் பையன் ஒருவன் மூலையில் சுருண்டு படுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எழுந்து படியடா, தடியா!" என்கிறார் தகப்பனார். பையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். "மரியாதை என்பதே கிடையாது!" என்று அவர் குரல் உயர்கிறது. தாயார் பையனுக்குப் பரிந்து பேச, சண்டை அவ்விருவருக்கும் இடையில் மூளுகிறது. 'எல்லாம் என்னால்தான்' என்று பையன் இன்னும் சுருண்டுகொள்கிறான். இங்கே கெட்டவர் ஒருவருமில்லை. ஆனாலும் ஒருவர் பேச்சு மற்றவர் வருத்தத்தை வளர்த்து, சுழல் கீழ்நோக்கியே போகிறது.

இந்தச் சுழலைத் திருப்ப முடியுமா என்பதை அமெரிக்காவில் மார்த்தா டாம்ப்ஸன், ஜோன் அஸார்னோ என்னும் இரு பெண்மணிகளும் அவர்களுடைய குழுவினரும் சோதித்தார்கள். 7 முதல் 14 வயது வரையுள்ள, மனச்சோர்வுற்ற 134 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் குழந்தையோடு மட்டும் தனியே பேசிச் சிகிச்சை செய்தார்கள். மற்றதில் பெற்றோரையும் கூட உட்காரவைத்து, நல்லதைக் கண்டவுடன் வாய்விட்டுச் சொல்லவும், குறுக்கிடாமல் கேட்கவும், குறையைப் புண்படுத்தாமல் கூறவும், சிக்கலைச் சேர்ந்து அவிழ்க்கவும் பழக்கினார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று. குடும்பத்தோடு சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 78 பேருக்கும், தனியே பெற்றவர்களில் 60 பேருக்கும் சோர்வு பாதியாவது குறைந்திருந்தது.

ஓராண்டு வரை தொடர்ந்து கவனித்ததில் மற்றப் பிரிவினரும் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆகவே குடும்பத்தின் துணை மந்திரமன்று. சீக்கிரம் கரையேற்றும் ஓடம். ஆனால் பத்து வயதுக் குழந்தைக்குச் சில மாதங்கள் என்பது அற்பமான காலமா?

நோயாளியின் வீட்டாரையும் வைத்தியத்தில் சேர்த்துக்கொள்ளுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. அமிருதசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யா சாகர், 1950-களில் அதன் வளாகத்திலே கூடாரம் அடித்து உறவினரையும் நோயாளிகளோடு தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவது வழக்கமாயிற்று. அவை பெரும்பாலும் வளர்ந்தவர்களின் கடும் நோய்களுக்கு ஏற்பட்டவை. ஆயினும், வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு மனத்தைக் குணப்படுத்துவது அரிது என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

குடும்பத்தையும் அழைத்துவரச் சொன்னால், குற்றம் குடும்பத்துடையது என்று அர்த்தமல்ல. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாயாரா காய்ச்சலைக் கொண்டுவந்தாள்? வீட்டில் பேசும் விதம் மருந்தோடு சேர்ந்த பத்தியம், அவ்வளவுதான்.

குடுமியான்மலையைச் சுற்றியுள்ளவர்கள் இதற்காக நெடுந்தூரம் அலையவேண்டியதில்லை. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022-இல் அரசாங்கம் ஏற்படுத்திய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். குழந்தை சாவைப் பற்றிப் பேசினால், விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்காமல், தனியே விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். அவர் "வீட்டில் எல்லோரும் வாருங்கள்" என்றால், தகப்பனார் ஆபீஸ் வேலையைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.