காலி இடம் ஜாக்கிரதை!

எங்கள் குடியிருப்பு சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். தகுதி: பி.காம். அரியர் வைத்துப் பாஸானதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் பராமரிப்புக் கட்டணப் பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் காலிங்பெல். முதல் மாடிப் பெரியவர். அச்சகத்தில் கம்பாஸிட்டராக இருந்து ரிட்டயரானவர். குடிவந்து இரண்டே மாதம். கையில் ரசீது. கோபமில்லை, கண்தான் கலங்கியிருந்தது.

"எழுபத்தஞ்சு வயசுல இப்பதான் தம்பி என் பேரு பாக்கி லிஸ்ட்ல வருது. பால்காரப் பையன்கூடப் படிச்சுட்டுப் போறான்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பணம் கட்டியோர் பட்டியலிலும் இருக்கிறது. அதே இனிஷியல், அதே எழுத்து. ஆனால் எக்ஸெலின் வீ-லுக்கப் மட்டும் 'அப்படியொரு ஆளே இல்லை' என்று சாதிக்கிறது. உபரி இடைவெளிகளைச் சீவும் ட்ரிம் ஃபார்முலாவைப் போட்டேன். ம்ஹூம்!

கடைசியில், இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே இருந்த இடைவெளியின் நம்பரைக் கேட்டேன். ஒரு பட்டியலில் 32. இன்னொன்றில் 160. ஆள் மாறாட்டம்!

32 என்பது நாம் ஸ்பேஸ்பாரில் தட்டும் சாதா இடைவெளி. 160 பிரியாத இடைவெளி. வரி முடிகிற இடத்தில் இனிஷியல் மேலேயும் பெயர் கீழேயும் பிரிந்து போகாமல் கட்டிப் போடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெயிலிலும் வலைப்பக்கங்களிலும் 160 தாராளமாகப் புழங்கும். பெரியவர் பெயரை நான் ஒரு மெயிலிலிருந்துதான் காப்பியடித்து ஒட்டியிருந்தேன். ட்ரிம்முக்கோ 32-ஐ மட்டும்தான் தெரியும்.

வைத்தியம் சுலபம். எக்ஸெலில் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' திறந்து, தேடும் கட்டத்தில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலதுபக்க நம்பர் கீகளில் 0160 அடியுங்கள். மாற்றும் கட்டத்தில் ஒரு சாதா ஸ்பேஸ். தீர்ந்தது. வேர்டில் பிரியாத இடைவெளி வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ்பார். மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் சொன்னால் சாதா இடைவெளி புள்ளியாகவும், பிரியாதது குட்டி வட்டமாகவும் தெரியும்.

அகலமே இல்லாத ஆசாமிகளும் உண்டு. 'ரிக்‌ஷா'வில் க்-கும் ஷா-வும் ஒட்டிக்கொண்டு க்ஷ ஆகாமல் விலக்கி வைப்பது அப்படியொரு குறிதான்.

இதையெல்லாம் விளக்கினேன். பெரியவர் சிரித்துவிட்டார். "எங்க காலத்துல காலி இடமும் ஈயம்தான் தம்பி. எம், அதுல பாதி, மூணுல ஒண்ணு, மெல்லிசுன்னு தனித்தனித் துண்டு. எழுத்தைவிட உயரம் கம்மி, அதனால மை ஒட்டாது. ஆனா கையில எடுத்தா எது எதுன்னு தெரியும். உங்களுது தடவிப் பாக்க முடியாத சமாசாரம்!"

அன்றே மன்னிப்பு நோட்டீஸ் அடித்து, பட்டியல் இருந்த அதே இடத்தில் ஒட்டினேன். அவர் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே மறக்காமல் 160.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரி. மூணாவது வரிக் கடைசியில 'ரூ.' தனியா நிக்குது பாரு. 2,500 அடுத்த வரிக்குப் போயிடுச்சு. அங்கயும் ஒண்ணு போட்டிருக்கலாமே?"